மணிமொழி அணைத்த லேசர்

அடையாற்றங்கரைக் குடிசையில் வளர்ந்த மணிமொழி பள்ளிக்கூடம் படிக்கும்போதே வீட்டை இடித்துவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் ஓர் அறையைக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து படித்தவள், கடைசியில் அடையாறிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள்.

மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலையை உண்டாக்குவதுதான் அவள் ஆராய்ச்சி. கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மீக்கடத்திப் படலத்தில் லேசரைப் பாய்ச்சுவாள். ஒளி பட்ட இடத்தில் அந்த ஓட்டம் குலையும். குலைவில் நுண்ணலை பிறக்கும். பல புள்ளிகளில் லேசரைக் கணநேரம் முன்பின்னாக அடித்தால் அலைகள் ஒரே கற்றையாகச் சேர்ந்து ஒரே பக்கமாகப் பாயும். கற்றை முதன்முதலாக அவள் நினைத்த திசையில் திரும்பிய அன்று, அம்மா தேவானைக்கு போன் போட்டு அழுதாள்.

அந்தக் கற்றையைப் பார்க்கத்தான் தேனாம்பேட்டை நிறுவனம் ஒன்றிலிருந்து சித்தார்த்தன் வந்தார். ஆராய்ச்சிக்குப் பணம் தர முன்வந்தவர். நெறியாளர் வைதேகி வாசல்வரை போய் அழைத்துவந்தார். மணிமொழி கற்றையை இடமும் வலமும் திருப்பிக் காட்டினாள்.

"பிரமாதம்! இதையே பல மடங்கு பெருசாக்கி ஒரு வண்டியில வச்சிடலாம்," என்றார் சித்தார்த்தன். "ஆத்தோரம் ஆக்கிரமிப்பு எடுக்கறப்போ ஜனங்க நகர மாட்டேங்கறாங்க பாருங்க, அங்க திருப்பினா போதும். தோல் எரியற மாதிரி இருக்கும். அடி இல்ல, ரத்தம் இல்ல. தானா ஓடிடுவாங்க."

வைதேகி மரியாதைக்குச் சிரித்துவைத்தார். மணிமொழிக்கு உச்சந்தலை கொதித்தது. பட்டென்று லேசரை அணைத்தாள். ஆய்வுக்கூடத்தில் ஒருநாளும் பேசாத பேச்சு வாயில் வந்தது.

"இன்னா சார் சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"நான் பொதுவா..."

"இன்னா பொதுவா? பொக்லைன் வந்தப்போ எங்கம்மா அரிசிப் பானைய கட்டிப் புட்ச்சிக்கினு நின்னுச்சி. அது மேல அடிப்பியா இத்த? அதுக்கா நான் இங்க உசுர வுட்டுக்கினு கீறேன்?"

"மணி, வெளியே போ," என்றார் வைதேகி.

"போறேன் மேடம். அந்தாளு பேசனதவிட நீங்க சிரிச்சதுதான் தாங்கல."

அதன்பிறகும் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. மணிமொழி அந்தத் திட்டத்திலிருந்து விலகினாள். சுப்புராயன் என்ற வேறொரு பேராசிரியரிடம், வேறு தலைப்பில், முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

நடந்ததைச் சொன்னபோது தேவானை ஒன்றுதான் கேட்டாள். "அந்தாளு மூஞ்சி எப்டி போச்சி?"

"வெளுத்துப் போச்சி."

தேவானை விழுந்து விழுந்து சிரித்தாள். மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தன் கையால் உருவாக்கிய கருவியை இப்போது வேறு யாரோ இயக்குகிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் கதவைத் தாண்டும்போதெல்லாம் அவளுக்குப் பற்கள் நெரிபடுகின்றன.