முதலடிக்காரியின் முகம்

கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆளைக் கண்டால் போதும், பிடித்து வரிசையில் நிறுத்திவிடுவான். தொண்ணூறுகளில் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் எனக்கு அதுதான் பிழைப்பு. நாட்டுப் பாட்டுகளைச் சேகரித்துவந்த கல்லூரி ஆசிரியை ஒருவர், நடவு நடும் பெண்களின் பாட்டைப் படம் பிடித்துத் தரச் சொன்னார். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

முதலடி பாடிக்கொடுக்கும் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எனக்க மொகம் டிவியில தெரியணும் ஆக்கும். பாடும்ப நான் எப்பிடி இருக்கேன்னு இதுவரைக்கும் பாத்ததில்ல, மக்கா."

"அதுக்குத்தானே அக்கா நான் வந்திருக்கேன்" என்று அளந்துவிட்டேன்.

வழக்கப்படி அக்காவோடு சேர்த்து ஏழு பேரையும் வரப்பில் வரிசையாக நிறுத்தினேன். இரண்டடி பாடினார்கள். மூன்றாவது அடி ஒருத்திக்கும் வரவில்லை. கையில் நாற்று இல்லாமல், காலில் சேறு இல்லாமல் எப்படி வரும் என்று என்னைத்தான் திட்டினார்கள். இருந்த ஒரு பேட்டரியில் பாதி அதிலேயே போயிற்று.

வயலில் இறங்கியதும் பாட்டு தானாக வந்தது. ஆனால் நடுகிறவர்கள் குனிந்தபடி பின்னால் பின்னால் நகர்வார்கள். வரப்பில் நின்ற எனக்குக் கிடைத்தது ஏழு முதுகுகள். முகம் வேண்டுமென்றால் எதிரே நிற்க வேண்டும். எதிரே இருப்பதோ அப்போதுதான் நட்ட நாற்று. நட்ட இடத்தில் கால் வைப்பவனை அங்கே யாரும் மனிதனாக மதிப்பதில்லை. வாக்கு வேறு கொடுத்தாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்து என் முழியைப் பார்த்தார். பிறகு தனக்கு நேர் எதிரே ஒரு முழ அகலத்தை நடாமல் விட்டு, இரண்டு பக்கமும் நட்டுக்கொண்டே பின்வாங்கினார்.

"எறங்கி வா. நாத்துல சவுட்டினா கொன்னுருவேன், பாத்துக்க."

முழங்கால் சேற்றில், கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தபடி நடாத பக்கமாக அவரைத் தாண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். அவர் பாடிக்கொண்டே பின்னால் போகப் போக, நான் முன்னால் போனேன். பேட்டரி தீர்ந்ததும் ஏறிவிட்டேன். விட்ட இடத்தை அக்காவே தனியாக நட்டு முடித்தார்.

அடுத்த வாரம் டிவி இருந்த ஒரு வீட்டில் எல்லோரும் கூடினோம். மற்ற ஆறு பேரும் தங்கள் முதுகுகளை அடையாளம் கண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சரியாக வரவில்லையோ என்று டிவியின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன்.

படம் முடிந்த பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலே மக்கா, எனக்கு இத்தற அழகு உண்டுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே."