வகுப்புக் கட்டுப்பாடு

போன வாரமும் பல்கலைக்கழகத்துலேருந்து போன் வந்துச்சு. "மேடம், நீங்க அனுப்புன படிவத்துல ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கே, மறந்துட்டீங்களா?" மறக்கலைய்யா. வருசா வருசம் நான் அதைக் காலியாத்தான் விடுறேன். வருசா வருசம் யாராவது ஒருத்தர் கேக்காக. நானும் கண்ணாடியைக் காணோம், அவசரத்துல விட்டுப்போச்சுன்னு எதையாவது சொல்லி மழுப்புறேன். அந்தக் கட்டத்துக்கு மேல "வகுப்புக் கட்டுப்பாடு"ன்னு போட்டிருக்கும்.

இப்ப நான் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர். பி.எட். படிக்கிற பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் எங்ககிட்ட அனுப்பும். ஒப்பந்தம் போட்டிருக்காக. அவுக எங்ககூடவே இருந்து பாடம் நடத்திப் பழகணும், நாங்க மார்க் போடணும், அங்கேருந்தும் ஒருத்தர் வந்து கடைசிப் பாடத்தைப் பாத்து மார்க் போடுவாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. நானும் இதே மாதிரி ஒரு ஒப்பந்தத்துல போய்ப் பழகினவதான். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். எம். புதுப்பட்டிக்கும் சிவகாசிக்கும் நடுவுல எங்கனயோன்னு வச்சுக்கோங்க.

எங்க வீட்டுல மொத மொதல்ல காலேஜு வாசலை மிதிச்சவ நான். எங்கம்மா விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வச்சா. லீவு நாள்ல நானும் கூடப் போய்த் திரி சொருகியிருக்கேன். நகக்கண்ணுல ஏறுன மருந்து பி.எட். சேந்தன்னைக்குக்கூடப் போகலை. அம்மாவுக்கு இருமல் வேற. எப்படியாவது தேறிட்டா அவளை அந்த வேலையிலேருந்து நிப்பாட்டிரலாம்னு ஒரே வெறி எனக்கு. அதுக்குக் கடைசிப் பாடத்துல நல்ல மார்க் வாங்கணும். அன்னைக்கு என் உலகமே அம்புட்டுத்தான்.

பள்ளிக்கூடத்துல எனக்கு வழிகாட்டியா ஒரு டீச்சரைப் போட்டிருந்தாக. மொத நாளே அவுக வருகைப் பதிவேட்டைத் தொறந்து காட்டுனாக. ஒவ்வொரு பிள்ளை பேருக்குப் பக்கத்துலயும் பென்சில்ல பொடிப்பொடியா ஒரு கம்பெனி பேரு. அந்தப் பிள்ளையோட அம்மா வேலைக்குப் போற கம்பெனி. "ஏன் டீச்சர் பென்சில்ல?"ன்னு கேட்டேன்.

"சீசனுக்கு சீசன் கம்பெனி மாறுவாகல்ல, அழிச்சு எழுதணும்ல?" அப்புறம் என் முகத்தையே பாத்துச் சொன்னாக. "இங்க பாரும்மா, சத்தம் கேட்டுச்சுன்னா மொதல்ல இதை எடு. எந்தப் பக்கம்னு பாரு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிட்டு வந்துரு. ஹெச்.எம். அம்மா போன் போட்டு விசாரிப்பாக. பாடம் எங்கயும் ஓடிப் போயிராது."

"சரிங்க டீச்சர்"னு தலையை ஆட்டினேன். உள்ளுக்குள்ள ஒரு இளக்காரம். எனக்கே பாடம் எடுக்காகளே, பட்டாசு ஊருல பொறந்தவளுக்குச் சத்தம் தெரியாதாக்கும்! சரக்கு சரியா வந்திருக்கான்னு கம்பெனிக்காரக பொட்டல்ல வச்சு வெடிச்சுப் பாப்பாக. அதைச் சாம்பிள் வெடிம்போம். அது ஒன்னோட நின்னுரும். விபத்துன்னா அடுத்தடுத்துப் பொரியும், லேசுல அடங்காது. எங்க தெருவுல மூணு வயசுப் பிள்ளைகூட இதைச் சொல்லும்.

என் கடைசிப் பாடம் ஏழாம் வகுப்புக்கு. இலையில மாவுச்சத்து. பள்ளிக்கூடத்துச் செம்பருத்திச் செடியில ஒரு இலையோட பாதிக்கு ரெண்டு நாளாக் கறுப்புத் தாளைச் சுத்தி வச்சிருந்தேன். வெயில் பட்ட பாதி அயோடின் ஊத்துனா கருநீலமாகும், மூடுன பாதி ஆகாது. அது மட்டும் சரியா வந்துச்சுன்னா நான் தேறிட்டேன்னு அர்த்தம்.

அன்னைக்குன்னு பாத்து வழிகாட்டி டீச்சர் இல்ல. வழிகாட்டி டீச்சர்மாருக்கெல்லாம் கூட்டம்னு பல்கலைக்கழகமே அவுகளை வரச் சொல்லிருச்சு. கூத்தைப் பாருங்க! எப்படி வழிகாட்டுறதுன்னு சொல்லிக்குடுக்க, வழிகாட்டுற ஆளையே கூட்டிட்டுப் போயிட்டாக. ஏழாம் வகுப்பு இருந்தது பின் கட்டடத்துல, தனியா. அங்க மார்க் போடுற பாடம் நடக்கு, யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீகன்னு ஹெச்.எம். அம்மா காலையிலேயே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாக. மார்க் போட வந்த சார் வெளியூர்க்காரர். கடைசி பெஞ்சுல ஃபைலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

இலை ஸ்பிரிட்டுல கெடந்து பச்சை எறங்கிக்கிட்டிருக்கு. அப்பத்தான் சத்தம் வந்துச்சு. ஒரே ஒரு சத்தம், தொம்முன்னு. அதோட நின்னுபோச்சு. ஜன்னல் கதவு மட்டும் ஒரு தடவை ஆடி அடங்குச்சு.

பிள்ளைக அத்தனையும் ஜன்னல் பக்கம் திரும்புச்சுக. மூணாவது பெஞ்சுல ஓரமா இருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சுட்டா. ரெட்டைச் சடைக்காரி, இருக்குற எடமே தெரியாத பிள்ளை.

"டீச்சர், அது எங்கம்மா போற பக்கம்."

பதிவேடு மேசை மேலதான் இருந்துச்சு. கையை நீட்டுனா எட்டும். நான் சாரைப் பாத்தேன். சார் பேனாவைத் தொறந்துட்டாரு.

"சாம்பிள் வெடிம்மா. உக்காரு."

"இல்ல டீச்சர், வராந்தாவுல போய் ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"உக்காருன்னு சொன்னேன்ல?"

உக்காந்துட்டா. டீச்சர் சொன்னா பிள்ளை உக்காரத்தானே செய்யும்.

ஒரு சத்தத்தோட நின்னுச்சுல்ல, சாம்பிள்னுதானே யாரும் நெனைப்பாகன்னு ரொம்ப நாள் என்னை நானே தேத்திக்கிட்டேன். எல்லாம் பொய்யி. சாம்பிள் வெடிக்கு ஜன்னல் கதவு ஆடாது. அது எனக்குத் தெரியும். மருந்து கலக்குற ரூமே வெடிச்சா ஒரே சத்தம்தான், அப்புறம் பொரியறதுக்கு அங்கன ஒன்னும் மிச்சம் இருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சதை நெனப்புக்கு வர விடாம அமுக்கிப் பிடிச்சவ நான்தான். மார்க்குக்காக அமுக்கினேன், பாவி.

இலையைக் கழுவி அயோடின் ஊத்துனேன். அம்புட்டு அழகா வந்துச்சு, பாதி கருநீலம், பாதி வெளுப்பு. பிள்ளைக எல்லாம் எட்டி எட்டிப் பாத்துச்சுக. அந்தப் பொண்ணும் குனிஞ்ச தலை நிமிராம நோட்டுல படம் வரைஞ்சா. நான் பக்கத்துல போய்ப் பாத்து "வெரி குட்"னுகூடச் சொன்னேன்.

பெல் அடிக்கவும் பியூன் அக்கா மூச்சு வாங்க ஓடி வரவும் சரியா இருந்துச்சு. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி, "அது இங்கனயா இருக்கு? அய்யோ, எம்புட்டு நேரமாத் தேடுறோம்!"னு தலையில அடிச்சுக்கிட்டா. முன்பக்கம் வந்து பாத்தா வராந்தா பூராப் பிள்ளைக, ஒரே அழுகை. ஹெச்.எம். அம்மா காதுல போனோட நிக்காக. வாசல் கேட்டுப் பக்கத்துல அந்தப் பொண்ணோட சித்தப்பா பைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க புள்ளையை எங்க வச்சிருக்கீக?"ன்னு கத்திக்கிட்டிருந்தாரு.

அந்தம்மாவை ஏத்துன ஆம்புலன்ஸு எங்க பள்ளிக்கூடத்து ரோட்டு வழியாத்தான் போயிருக்கு. புள்ளையை ஒரு கண்ணு பாத்துட்டுப் போறேன்னு அந்தம்மா கேட்டுச்சாம். சித்தப்பா கெஞ்சுனதுல கேட்டுக்கு முன்னால வண்டியைக் கொஞ்சம் நிப்பாட்டக்கூடச் செஞ்சிருக்காக. வர வேண்டிய பிள்ளைக எல்லாம் வராந்தாவுலதான இருக்கும்னு, இங்க இருக்குறவுக அந்தக் கூட்டத்துக்குள்ளேயே தேடியிருக்காக. அதுதானே இங்க வழக்கம். வண்டி அதுக்கு மேல நிக்க முடியாம கெளம்பிருச்சு. சிவகாசி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் அந்தம்மா பேசிக்கிட்டேதான் போச்சாம். சித்தப்பா பைக்குல பின்னாடி அந்தப் பொண்ணு போய்ச் சேந்தப்ப பேச்சு இல்ல. மூச்சும் இல்ல.

சார் எனக்கு வகுப்புக் கட்டுப்பாட்டுக்கு முழு மார்க் போட்டிருந்தாரு. பக்கத்துல, "வெளிச் சத்தத்தால் கவனம் சிதறாமல் வகுப்பை நடத்தினார்"னு ஒரு வரி. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு அது ஏதோ ஒரு சத்தம். எனக்கு அப்படியா?

மறுநாள் வழிகாட்டி டீச்சர் வந்தாக. கண்டபடி ஏசுவாக, கன்னத்துல ரெண்டு விட்டாக்கூட வாங்கிக்கிருவோம்னுதான் போய் நின்னேன். அவுக ஏசலை. பதிவேட்டைத் தொறந்தாக. ரப்பரை எடுத்து, அந்தப் பொண்ணு பேருக்குப் பக்கத்துல இருந்த கம்பெனி பேரை அழிச்சாக. துகளை ஊதி விட்டுட்டு என்கிட்ட நீட்டுனாக. "அட்டெண்டன்ஸ் எடு"ன்னாக, அம்புட்டுத்தான்.

நான் தேறிட்டேன். வேலையும் கெடைச்சுது. நெனச்சபடியே எங்கம்மாவைக் கம்பெனிக்குப் போக விடாம வீட்டுல உக்கார வச்சுட்டேன். அவ இருமிக்கிட்டே எனக்குச் சோறு போட்டு வைக்கிறப்பல்லாம், இந்தச் சோத்தைத் திங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தோணும். அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் நான் இதைச் சொல்லலை.

ஆனா அதெல்லாம் பின்னாடி நடந்தது. கடைசிப் பாடம் முடிஞ்சாலும் அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு இன்னும் மூணு வாரம் பாக்கி இருந்துச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அந்தப் பொண்ணு வந்தா. நான் உள்ள போகவும் எல்லாரும் எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டு எப்பவும் போலத் தானா உக்காந்துட்டாக. அவ மட்டும் நின்னா. மூணாவது பெஞ்சு ஓரத்துல, பையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு.

"டீச்சர், உக்காரட்டுமா?"

கோவம் இல்ல அந்தக் குரல்ல. இருந்திருந்தா தாங்கியிருப்பேன். நெசமாவே கேட்டா, நான் சொல்லணும்னு. நான் வாயைத் தொறந்தேன். அந்த ஒத்தை வார்த்தை வரவே இல்ல. நான் சொல்லுவேன் சொல்லுவேன்னு அவ நின்னுக்கிட்டே இருந்தா.