புல்மேட்டு டிக்கெட்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்று வந்திருந்த காலம். எங்கள் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விறகுக் கட்டையை மட்டையாகச் செதுக்காத லயத்து வரிசை வீடே கிடையாது. அப்போது கண்டி மைதானத்தில் ஐந்து நாள் ஆட்டம் ஒன்று வந்தது. எந்த நாட்டோடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் வருடத்தைக் கண்டுபிடித்து என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கிரிக்கெட் பைத்தியம் பிடித்தது அதற்கும் வெகு காலத்துக்கு முன்பு. நான்கு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவள் நான். அவர்களுக்குப் பந்து பொறுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. லயத்துக்கு முன்னால் இருக்கும் துண்டு நிலத்தில் ஆடுவார்கள். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டால் ஆறு ஓட்டம், ஆனால் அடித்தவன் அவுட். தேடி எடுப்பது என் வேலை. காலெல்லாம் கீறலோடு பந்தைப் பொறுக்கிப் பொறுக்கியே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டேன்.

என் கணவருக்குக் கல்யாணமான புதிதில் கிரிக்கெட் சுத்தமாகத் தெரியாது. எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று தண்ணீர்க் குடத்தையும் அகப்பையையும் வைத்து நான்தான் விளங்கப்படுத்தினேன். ஒரே வருடத்தில் அவரும் ரேடியோவை விட்டு நகராத ஆளாகிவிட்டார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் மற்ற ஆண்களுக்கு ஆட்டத்தை அலசுவார். அத்தனையும் முந்தின நாள் அடுப்படியில் நான் சொன்னதாக இருக்கும். ஒரு நாளாவது “என் வீட்டுக்காரி சொன்னா” என்று சொன்னாரா? இல்லை. என் வயிற்றெரிச்சலுக்கு விதை அங்கேயே விழுந்திருக்க வேண்டும்.

கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்த அவருடைய அண்ணன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் தரையில் நிற்கவில்லை. மூன்று நாள் லீவும் கேட்டு வாங்கிவிட்டேன். அப்போதுதான் அவர் மெதுவாக, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றார். என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புகுந்த வீட்டுக்குப் போவதற்கு முன் கண்டியை ஒருமுறை காட்ட வேண்டுமாம். அந்தப் பெண்ணுக்குப் பந்துவீச்சாளர் யார், துடுப்பாட்டக்காரர் யார் என்று கேட்டால் இரண்டும் ஒரே ஆள்தானே என்பாள். போதாததற்கு, கட்டிக்கொண்டு வர என்னுடைய மாம்பழ மஞ்சள் சேலையைக் கேட்டாள். என் பெரியண்ணன் பதுளையில் எடுத்துத் தந்தது, நானே இரண்டு முறைதான் கட்டியிருந்தேன். கல்யாணப் பெண் கேட்டால் மறுக்க முடியுமா? சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாளே ரயிலேறிப் போய் அந்த அண்ணன் வீட்டில் தங்கினோம். விடியும் முன் எழுந்து தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாய் வைத்துக் கட்டச் சம்பல் இடித்து, மூன்று பேருக்குமான சாப்பாட்டை ஒரே பையில் கட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவளும் நானே. மைதான வாசலில் பெண் பொலிஸ்காரி பையைக் கிளறிப் பார்த்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒருவழியாக விட்டாள்.

அதற்குப் பிறகுதான் வினை. கையிலிருந்த மூன்று டிக்கெட்டுகளில் இரண்டு கூரைக்குக் கீழே நாற்காலிக்கு, ஒன்று எதிர்ப்பக்கத்துப் புல்மேட்டுக்கு. அண்ணனுக்குக் கிடைத்தது அப்படித்தான். என் கணவர் யோசிக்காமல், தான் மேட்டில் இருந்துகொள்வதாகவும் நாங்கள் இருவரும் நாற்காலிக்குப் போகலாம் என்றும் சொன்னார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். நல்ல அண்ணி என்று பெயர் வாங்கும் ஆசை விடவில்லை.

“வேணாங்க. அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா ஒக்காருங்க. நான் மேட்டுல இருந்துக்கிறேன்,” என்றேன்.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வேண்டாம் என்று இரண்டு தரமாவது சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் வற்புறுத்திய பிறகுதான் கோப்பையைத் தொடலாம். முதல் தரமே வாங்கிக் குடித்தால் ஆலாய்ப் பறக்கிறவள் என்பார்கள். அந்தக் கணக்கில்தான் நான் சொன்னேன். நாத்தனார் வேண்டாம் அண்ணி என்பாள், நான் பரவாயில்லை என்பேன், அவள் கையைப் பிடித்து இழுப்பாள், கடைசியில் நாற்காலி எனக்கு வரும். இதுதான் முறை.

அவள், “சரிங்க அண்ணி,” என்றாள். அவ்வளவுதான். என் மஞ்சள் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். என் கணவர் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரும் போய்விட்டார். சாப்பாட்டுப் பையோடு நான் நின்றேன்.

மேட்டில் சனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஒரு சிங்களக் குடும்பம் நகர்ந்து இடம் கொடுத்தது. குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. இத்தனை வருடம் ரேடியோவில் கேட்ட ஆட்கள் கண்ணெதிரே வெள்ளை உடுப்பில் நடமாடினார்கள். நான் யாரைப் பார்த்தேன் என்கிறீர்கள்? எதிர்ப்பக்கத்துக் கூரைக்குக் கீழே மஞ்சள் எங்கே தெரிகிறது என்று பார்த்தேன்.

கண்டுபிடித்தும் விட்டேன். நான்காவது வரிசை. என் சேலை, பக்கத்தில் சிவப்புத் தொப்பியோடு என் கணவர். முகம் தெரியாது, அசைவு மட்டும் தெரியும். சற்று நேரத்தில் அவர் கையை நீட்டினார். மைதானத்தைக் காட்டி அவளுக்கு என்னவோ சொன்னார். அவள் தலையை எட்டி நீட்டிப் பார்த்தாள். திரும்பவும் கையை நீட்டினார், கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடத்தையும் அகப்பையையும் வைத்து நான் படித்துக் கொடுத்த பாடத்தை அவர் தங்கச்சிக்கு ஒப்பிக்கிறார். களத்தடுப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டிக் கொடுக்கிறார். எனக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது காட்டியிருக்கிறாரா இந்த மனுஷன்? நிழலில் நாற்காலி அவளுக்கு, சேலை அவளுக்கு, பாடமும் அவளுக்கு. எனக்கு வெயிலும் ஈரப் புல்லும்.

பகல் இடைவேளை வந்தது. அவர்கள் பசியோடு இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முயன்றிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. பையை அவிழ்த்தேன். எனக்கு இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு மீதியை அந்தச் சிங்களக் குடும்பத்துக்கு நீட்டினேன். அவர்கள் என்னைத் தங்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள். சம்பல் நல்ல காரம் என்று கண்ணீர் விட்டுச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு ரொட்டியாகக் குறையக் குறைய எனக்கு மனம் குளிர்ந்தது. இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று சத்தியமாக இனித்தது.

தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி அது நடந்தது. நம் சுழற்பந்து வீச்சாளர் வீசிக்கொண்டிருந்தார். எதிரணியில் நிலைத்து நின்ற ஒருவர் எங்கள் பக்கமாகத் தூக்கி அடித்தார். அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அந்த நொடியில் என் கணவர் எழுந்து நின்று, தங்கச்சியின் தோளைத் தட்டி, முழுக் கையையும் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்படி என்னத்தைக் காட்டுகிறார் என்று நான் அதையே முறைத்தேன். மேடு முழுவதும் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு எழுந்தது. எனக்கு முன்னால் முதுகுகள் மட்டும். நான் எழுந்து எட்டிப் பார்த்தபோது, எங்களுக்கு இருபது அடி முன்னால், எல்லைக் கோட்டருகே ஒரு வீரரை மற்ற வீரர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, பார்த்தாயா, பார்த்தாயா என்று சிங்களத்தில் கேட்டார். பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

ஆட்டம் முடிந்து வாசலில் சந்தித்தோம். என் கணவர் வந்ததும் வராததுமாகப் பையை வாங்கிப் பார்த்தார். பை வெறுமையாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாத்தனார், வெயிலில் இருந்த அண்ணிக்குத்தான் பசி அதிகமாக இருந்திருக்கும் என்றாள். குத்தலாகச் சொன்னாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை.

மறுநாள் காலை ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். நானுஓயா தாண்டும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“என்னங்க, தங்கச்சிக்கு நேத்து நல்லாப் படிச்சுக் குடுத்தீங்களா? பொழுதன்னிக்கும் கைய நீட்டி நீட்டிக் காட்டினீங்களே,” என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னார்: “அவளுக்கு என்னத்தப் படிச்சுக் குடுக்கிறது? ஒன்னயத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். அந்தக் கொடயா, இந்தக் கொடயான்னு. சோத்துப் பையோட ஒத்தையில போனவ என்ன ஆனாளோன்னு இவ அழுக ஆரம்பிச்சுட்டா. ரெண்டு தரம் வந்தேன், பொலிஸ்காரன் அந்தப் பக்கம் விட மாட்டேன்னுட்டான்.”

அவருக்கும் எனக்கும் நடுவில் மைதானம் இருந்தது. மைதானத்தைக் காட்டுவதும், அதற்கு அப்பால் இருக்கும் என்னைக் காட்டுவதும் ஒரே திசைதான். இந்தச் சின்ன விஷயம் நாள் முழுவதும் என் புத்திக்கு எட்டவில்லை.

பிறகு ஏன் என்னை மேட்டுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ஆட்டம் தெரிந்தவள் நான், மேட்டிலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் என்று விபரம் அறிந்துதான் கேட்கிறேன் என அவர் நினைத்தாராம். நாத்தனாரும் தலையாட்டினாள். “நீங்க சொன்னா சரியாத்தானே அண்ணி இருக்கும்,” என்றாள்.

“அது கெடக்கட்டும். அந்தக் கேட்ச் ஒனக்கு நேர் முன்னாடிதானே?” என்று அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “நாங்க ஒன்னயத் தேடுனதுல அதக் கோட்ட விட்டுட்டோம். எப்புடிப் புடிச்சான், சொல்லு.”

மூன்று பேர் அத்தனை தூரம் போய், மூன்று பேருமே அந்தக் கேட்சைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் பார்க்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு ரொட்டி வரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பின்பக்கமாக ஓடி வந்தார், விழுந்துகொண்டே ஒற்றைக் கையால் பிடித்தார் என்றேன். அவர் கண்கள் விரிந்தன. தெமோதரையில் இறங்கும் வரை ஒற்றைக் கை, ஒற்றைக் கை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். யாரோ பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். படத்தில் அந்த வீரர் நின்றபடி இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்திருக்கிறார். களத்தை ஒட்டியிருந்த பிள்ளைக்காம்பரா வாசலில் நான் ஒரு கைக்குழந்தையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

“பேப்பர்காரனுக்கு என்னா தெரியும்? என் வீட்டுக்காரி கிட்டக்க இருந்து பாத்தா,” என்றார் என் கணவர்.

அதன் பிறகு எத்தனையோ பேரிடம், எத்தனையோ வருடங்கள் இதையே சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும், அவளுக்குக் கொடுப்பினை, எனக்கு இல்லை என்று பெருமூச்சு விடுவார். இந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் என் மேல் இருக்கிற ஒரே பொறாமை அதுதான். அந்தப் பொறாமைக்குக்கூட நான் தகுதியானவள் இல்லை என்பது, இதை அவர் வாசிக்கும் வரை எனக்கு மட்டும்தான் தெரியும்.