கதவுக்கு அடியில் கண்ணாடி

எங்கள் நைனாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்களிடமும் சபையிலும் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமும் சொன்னவர் என் அண்ணன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னார்.

நினைவு மலரில் இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அண்ணன் அச்சகத்துக்கு அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பில் "இறுதி ஆண்டில் நினைவு தப்பிய நிலையில்" என்று ஒரு வரி இருந்தது. மற்ற வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று சொல்லாமல் அடித்தால் அதுவும் தப்பு. அதனால் முழுவதையும் நானே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

நைனா பிறந்தது குடுபல்லியில். தாத்தாவுக்குக் கையகல நிலம் கிடையாது. மிஷன்காரர்கள் நடத்திய தொழிற்கூடத்தில் தச்சு வேலை கற்றுக்கொண்டு பள்ளிக்கூட பெஞ்சும் கோயில் பெஞ்சும் செய்து கொடுத்தவர். நைனா தெலுங்குப் பள்ளியில் கொஞ்ச நாள் படித்தார். வேதாகமம் தமிழில் படிப்பார், கணக்குத் தெலுங்கில் போடுவார், திட்டுவது இரண்டிலும். வடமாலபேட்டையிலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு பாகாலாவுக்குக் குடிவந்தார். மூன்று பக்கம் ரயில் போகிற ஊர், மரம் வந்து இறங்கும், வேலை கிடைக்கும் என்பதுதான் காரணம். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர், அண்ணனும் நானும்.

முதலில் ரொம்பக் கஷ்டம். மேஸ்திரிகளிடம் கூலிக்குப் போனார். மழைக்காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் இல்லை என்றால் சவப்பெட்டி செய்வார். அதுவும் இல்லை என்றால் அம்மா கடலை உரிக்கப் போவார். பிறகு காலம் மாறியது. திருப்பதியில் தெருவுக்குத் தெரு லாட்ஜ் எழும்பியது. பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். சித்தூர் பக்கம் ஓட்டு வீடு இருந்த இடத்திலெல்லாம் மாடி வீடு வந்தது. மாடி வீட்டுக்காரர்களுக்குப் பெரிய தலைவாசல் வேண்டும். நைனாவுக்கு அப்போதுதான் சொந்தப் பட்டறை வந்தது.

நைனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் மிஷினையே தொடாத பழைய காலத்துத் தச்சர் என்று பேசுகிறார்கள். கடை விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதுவும் தப்பு. இழைக்கிற மிஷினைப் பாகாலாவுக்கு முதலில் வாங்கி வந்தவரே அவர்தான். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கி வளர்ந்தேன். லாட்ஜ் குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு போடச் சொன்னவரும் அவரே. "மரக்கதவு என்னாத்துக்குடா அங்க? ரெண்டு மாசத்துல ஊறிப் பூடும். துட்டு வேஸ்ட்டு" என்பார். வாசக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் தெரிகிற இடைவெளியை மூட ஓரப்பட்டை அடிப்போம், பீடிங் என்று சொல்வோம். அதை இழைக்க எனக்குத் தனியாக ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தார். பொண்ணுக்கு எதுக்கு மிஷின் என்று கேட்டவரிடம், "உன் பொண்ணுக்கும் சேத்து வாங்கட்டா?" என்றார். இன்றைக்கும் பாகாலா பட்டறையில் அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆர்டர் நிறையவே இருக்கிறது.

கிறிஸ்தவர் தலைவாசலில் கஜலட்சுமி செதுக்கலாமா என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். நைனா சொன்னார்: "அவங்க வூட்டு வாசலுக்கு அவங்க சாமி. உங்க வூட்டுக்குச் சிலுவ போட்டுத் தரேன். ஒரே மரந்தான், வாங்கிக்கினு போங்க." அந்தப் பெரியவர் வாங்கிக்கொண்டு போனார்.

நைனாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாசக்கால் நிறுத்துகிற நாளில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வீட்டுக்காரர்கள் பூஜை முடிக்கும்வரை ஒதுங்கி நிற்பார். வெற்றிலை பாக்கும் வேட்டியும் வாங்கிக்கொண்ட பிறகு, வந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் அது என்ன மரம் என்று சத்தமாகச் சொல்வார். "காலு ரெண்டும் வேங்க. மேல்கட்ட வேம்பு. கதவுப் பலக மட்டும் தேக்கு." அவ்வளவுதான். பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது.

வடமாலபேட்டையில் ஒரு வீட்டுக்காரர், எல்லாமே பர்மா தேக்கு என்று சம்பந்தி வீட்டில் அளந்துவிட்டிருந்தார். அன்றைக்குச் சம்பந்தியும் வந்திருந்தார். நைனா வழக்கம்போலச் சொன்னார். சம்பந்தி சிரித்துக்கொண்டே, "ஏமி மேஸ்திரி, இதி டேக்கு காதா?" என்று கேட்டார். "தேக்கு இல்லீங்க, வேம்பு. ஆனா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார் நைனா. வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. வரும் வழியில் அம்மா, "அந்த மனுசன் மானத்த இப்டி வாங்கிட்டியே" என்றார். "நான் எங்க வாங்கினேன்? அவன் அடமானம் வெச்சான், நான் மீட்டுக் குடுத்தேன்" என்றார் நைனா. அந்தச் சம்பந்தியே அடுத்த வருடம் தன் வீட்டுக்கு நைனாவிடம்தான் கதவு செய்தார்.

அண்ணன் ஐடிஐ முடித்து பெங்களூரில் வீட்டு உள் அலங்கார வேலை செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தார். அம்மா படுத்த படுக்கையானபோது வைத்தியச் செலவு முழுவதையும் அவர்தான் செய்தார். அதை மறைக்க மாட்டேன். அம்மா காலமான பிறகு ஊருக்குத் திரும்பி, திருப்பதி பைபாசில் நைனாவின் பெயரில் கதவுக் கடை வைத்தார். நைனாவுக்குச் சந்தோஷம். போர்டில் போட அவரைப் புகைப்படம் எடுத்தார்கள். கோட்டு மாட்டி, கையில் உளி கொடுத்தார்கள். "கோட்டு போட்டுக்கினு எவன்டா உளி புடிப்பான்? பொணத்துக்கு நகம் வெட்றாப்ல கீது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் போர்டில் இருக்கிறார்.

கடைக்குத் தொழிற்சாலைக் கதவுகள் வந்தன. நைனா அதைக் குறை சொல்லவில்லை. தொழிற்சாலைக் கதவு என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சில கதவுகளில் "தேக்கு, எங்கள் தந்தையின் கைவேலை" என்று அட்டை தொங்கியது.

அது நைனாவுக்குத் தெரிந்தது வடமாலபேட்டை டீச்சரம்மா வந்தபோது. தனியாக இருப்பவர், ஓய்வு பெற்று வீடு கட்டியவர். அண்ணன் கடையில் வாங்கிய கதவு முதல் மழைக்கே உப்பி மூட முடியவில்லை என்று பாகாலாவுக்கே வந்துவிட்டார். "மேஸ்திரி, உங்க பேரப் பாத்துத்தான் வாங்கினேன். ராத்திரி கதவு சாத்தாம எப்டி ஒரு பொம்பள தூங்கறது?" என்று கேட்டார். மறுநாள் நைனா, பட்டறையில் வேலை செய்யும் தனகோட்டியின் வண்டியில் ஏறி அவர் வீட்டுக்குப் போனார்.

கதவை எல்லாப் பக்கமும் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். நைனா தன் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து அந்த இடைவெளிக்குள் தள்ளினார். தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். உள்ளே அழுத்திய மரத்தூள் பலகை. மேலே காகிதம் கனத்துக்குத் தேக்குத் தோல். அதை அந்த அம்மாவையும் குனியவைத்துக் காட்டினார்.

"இது தேக்கு இல்லம்மா. நான் செஞ்சதும் இல்ல" என்றார்.

அதோடு நிற்கவில்லை. டீச்சரம்மாவுக்கு வேறு கதவு செய்து மாட்டினார். பிறகு அண்ணன் கடையிலிருந்து கதவு போன வீடுகளைத் தனகோட்டியிடம் விசாரித்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தார். மஞ்சள் பையில் கண்ணாடி. வாசலில் நின்று தான் யார் என்று சொல்லி, கேட்டுவிட்டுப் படுத்துப் பார்த்து, என்ன மரம் என்று சொல்லிவிட்டு வருவார். தேக்காக இருந்தால் தேக்கு என்றும் சொல்வார். திட்ட மாட்டார், மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தன் பெயரில் போன பொருள் என்ன என்று தானே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தரையில் படுக்கிற கிழவர். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போன் செய்தார். "நைனாக்கு மறதி வந்துச்சு. கண்ணாடிய வெச்சிக்கினு ஊரெல்லாம் சுத்திக்கினு கீறாரு. நீ கூட இருந்து பாத்துக்கமாட்டியா?"

"மறதி வந்தவரு எந்தத் தெருவுல எந்தக் கதவுன்னு எப்டிண்ணா கரெக்டா போறாரு?"

"உனக்கு யாவாரம் தெரியாது."

"மறதியப் பத்திப் பேசினயா, யாவாரத்தப் பத்திப் பேசினயா?"

போனை வைத்துவிட்டார்.

பிறகு அவரே நைனாவைத் திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். தேதி, கிழமை, பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டார்கள். மாம்பழம், பஸ், நாற்காலி என்று மூன்று பெயர் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். "மாம்பழம், பஸ்ஸு, நாற்காலி" என்று சொல்லிவிட்டு, "நாற்காலி எந்த மரம்னு நீங்க சொல்லலியே" என்றார் நைனா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். எங்களிடம், "மீ நான்னகி ஏமி லேது. கோபம் உந்தி, அந்தே" என்றார். உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, கோபம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அண்ணன் என் பக்கத்தில் நின்று இதைக் கேட்டார். நான் கற்பனை செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அண்ணி பெண்களிடம், "டாக்டர்கிட்ட காட்னோம், வயசாச்சில்ல, அப்டித்தான் இருக்கும்னாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நைனாவை எல்லோரும் குழந்தை மாதிரி நடத்தினார்கள். அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். ஒருவர் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "சாப்…டீங்…களா?" என்று கேட்டார். "துன்னுட்டேன். எனக்குக் காது நல்லாதான் கேக்குது" என்றார் நைனா. கேட்டவர் பாவம் என்பதுபோலத் தலையாட்டினார். நைனா என்ன சொன்னாலும் அதுவே அத்தாட்சி ஆகிவிட்டது. கண்ணாடியோடு போன வீடுகளில் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினார்கள். கடையில் வேலை செய்கிறவர்களிடம் அவரை உள்ளே விட வேண்டாம் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் அந்தப் போர்டுக்குக் கீழேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்: "ஏம்மா, எனக்குத் தெரியாம எனக்கு ஏதாவது ஆயிகீதா?" எழுபது வருடம் தன் கண்ணையும் கையையும் நம்பியவர் அதைக் கேட்டார். நான் எதையும் மன்னித்துவிடுவேன். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்படி செய்ததை மன்னிக்க எனக்கு வராது.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "போட்டோ இருந்துட்டுப் போவட்டும்பா. என் பேர மட்டும் எடுத்துடு. இல்லன்னா அந்த அட்டய எடுத்துடு. ரெண்டுல ஒண்ணு." அண்ணன் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்து, "இப்டித்தான் ஏதாவது பேசிக்கினே இருப்பாரு" என்றார். நைனா கையை விட்டுவிட்டார். பிறகு யாரிடமும் அதிகம் பேசவில்லை. கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டது ஒரு காலை நேரம், ஜெபம் முடிந்த பிறகு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் நைனாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன தனகோட்டிக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த பாகாலா சபைப் பெண்களுக்கு நன்றி. அடக்கத்தன்று பஸ் பிடித்து வந்து, "இவரு மட்டுந்தான் எனக்கு நிஜம் சொன்னாரு" என்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்ன டீச்சரம்மாவுக்கு நன்றி. நைனாவை நோயாளியாக அல்லாமல் மனிதராக நடத்திய டாக்டரம்மாவுக்கு நன்றி. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அண்ணா, இது உங்களுக்கு. கடையை மூடச் சொல்லவில்லை. உங்கள் கதவை நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் குடும்பத்தார் பேசப் போதகர் ஐயர் நேரம் கொடுப்பார். அப்போது நீங்கள் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நைனாவுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா, இல்லையா? டாக்டரம்மா உங்கள் எதிரில் என்ன சொன்னார்? சொந்தக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு முறை சொல்லுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களும் வந்திருப்பார்கள், அவர்களுக்காகத் தெலுங்கில் ஒரு முறை சொல்லுங்கள். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

சமையல் தயாராக இருக்கும். நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.

இளைய மகள்,
பாகாலா