எட்டு சதவீதம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூஜ்யக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தூரத்து நியூட்ரான் நட்சத்திரங்களின் எக்ஸ் கதிர்களை அளக்க அங்கே ஒரு கருவி செய்தார்கள். அலைகள் கண்டபடி அதிர்கின்றனவா, ஒரே சாய்விலா என்று அது சொல்லும். ஒரே சாய்வில் அதிர்வதற்குத் தளவிளைவு என்று பெயர். கண்டபடி அதிரும் கதிரைக் காட்டினால் கருவி பூஜ்யம்தான் காட்ட வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில் கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆறு வருஷம் அதைத்தான் அவள் சரிபார்த்தாள்.

கணவரோடு ஒத்துவராமல் பிரிந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதன்பின் வீட்டுக் கதவின் இரண்டாவது சாவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி மட்டும் வெளியூரிலிருந்து போன் செய்வாள்.

கருவி செயற்கைக்கோளில் ஏறிப் போனது. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கிக்கொண்டிருந்த ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தை முதலில் பார்த்தது. அதில் தளவிளைவு அறுபது சதவீதமாவது இருக்கும் என்று குழுத் தலைவர் இருபது வருஷமாக எழுதிவந்தார். வந்ததோ எட்டு.

கூட்டத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தலைவர் குரலை உயர்த்தவில்லை.

"தப்பு நட்சத்திரத்துல இருக்காது. நிதானமா பாருங்க."

அதே மாதிரி இன்னொரு கருவி கீழே அறையில் இருந்தது. அதை வைத்து நாலு மாதம் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் பேச்சு அடங்கியது. அதனால் சாப்பாட்டை அறைக்கே கொண்டுபோனாள். ஒரு திங்கட்கிழமை அவள் வணக்கம் சொன்ன குரலைக் கேட்டு வாசல் காவலாளி, தொண்டை கட்டிக்கொண்டதா என்று விசாரித்தார். முந்தின நாள் ஞாயிறு அண்ணியும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு அண்ணி கேட்டாள்: "உன் நட்சத்திரம் இன்னும் தின்னுட்டுதான் இருக்கா?"

"ஆமா அண்ணி."

"நீ சாப்பிட்டியா?"

அவள், சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கடைசியில் பதினோரு பக்க அறிக்கையோடு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் நின்றபடியே படித்தார்.

"கருவி சரியா இருக்கு சார். எட்டுதான்."

"அப்ப நான் எழுதினது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அறிக்கையை இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் வேறொரு குழுவின் கருவியும் அதே நட்சத்திரத்தைப் பார்த்து ஏறக்குறைய எட்டு என்றே சொன்னது. மாடியில் குழுவினர் கைதட்டினார்களாம். அவளுக்கு மின்னஞ்சலில்தான் தெரிந்தது. அன்று புதன்கிழமை. ஞாயிறுவரை பொறுக்காமல் அண்ணிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. போனை வைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த இன்னொரு நட்சத்திரத்தின் அளவுகளைத் திறந்தாள்.