பதினான்கு இசையும் ஒரு காலும்: மட்டக்களப்பில் இரண்டு நாள்

மட்டக்களப்புக்கு ஏன் போனாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் அங்கே வாவியில் மீன் பாடுமாம், அதைக் கேட்கப் போனேன் என்றுதான் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் தங்கை தர்ஷினி என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வசனம்.

அவளுக்கு அடுத்த மாதம் கொழும்பில் கலியாணம். தாலி கட்டும்போது நாதஸ்வரம், அதில் பேச்சுக்கே இடமில்லை. மாலை வரவேற்பில் அவளும் மாப்பிள்ளையும் நடந்துபோய் மேடை ஏறுகிற ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பாட்டு வரி இல்லாத இசை ஒன்று வேண்டும் என்றாள். "நீ தெரிஞ்செடுத்துத் தா அண்ணா. எல்லாருக்கும் பிடிச்சது வேண்டாம், உனக்குப் பிடிச்சது வேணும். அதுதான் நீ எனக்குத் தாற பரிசு."

கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்பவன். பகல் முழுக்க மூன்று மொழியில் சனங்கள் ஏசுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பாட்டில்கூட ஒரு சொல் காதில் விழக்கூடாது. வெறும் வாத்தியம்தான். வீட்டில் என்னை இசை தெரிந்தவன் என்று நம்பி வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பதினான்கு அனுப்பினேன். புல்லாங்குழல், வீணை, பியானோ, மழைச் சத்தத்தோடு கிட்டார். பதினான்கையும் திருப்பிவிட்டாள். "இது எல்லாம் லிஃப்ட்டுக்குள்ள போடுறது. உனக்கு எதுவுமே பிடிக்கேல்ல அண்ணா. பிடிச்ச மாதிரி நடிக்கிறாய்."

கோபம் வந்தது. ஆனால் அன்றிரவே போனைப் பார்த்தேன். எந்த இசையையும் நான் கடைசி வரை கேட்டதில்லை. முப்பது விநாடி, நாற்பது விநாடி, உடனே விரல் அடுத்ததைத் தட்டிவிடும். விரல் மட்டுமல்ல, உட்கார்ந்தால் வலது காலும் சும்மா இராது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி தன் கணினி நடுங்குகிறது என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். அம்மா முப்பத்தெட்டு வருடமாகச் சொல்வது ஒன்றுதான்: "காலாட்டாதை, வீட்டுக்கு ஆகாது."

கலியாண மண்டபத்து ஒலிபெருக்கிக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் இசையைத் தரச் சொல்லியிருந்தார். மாசி முதல் வாரம், வியாழன் வெள்ளி லீவு போட்டுவிட்டு, மீனாவது நல்ல இசை தருமா பார்ப்போம் என்று கிளம்பினேன்.

வியாழன் காலை ஆறரைக்குக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஏசி பஸ். 2,200 ரூபாய், ஏறத்தாழ 315 கிலோமீற்றர். மட்டக்களப்பில் இறங்கும்போது பிற்பகல் 2.10. அதற்குள் எத்தனை இசையைத் தட்டித் தள்ளினேன் என்று நான் எண்ணவில்லை, பக்கத்து இருக்கை ஐயா எண்ணியிருப்பார். கல்லடியில் வாவி தெரிகிற அறை, ஒரு நாளுக்கு 4,500. மின்விசிறி நன்றாகச் சுற்றும், தண்ணீர் கொஞ்சம் உப்பு.

அறையில் இருப்புக் கொள்ளவில்லை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது போல. மாலை கல்லடிப் பாலத்தில் இரண்டு தரம் நடந்தேன். பிறகு ஒரு கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டுப் போய் நின்றேன். நாதஸ்வரக்காரர் இராகத்தை மெல்ல மெல்ல விரித்தார். நல்ல வாசிப்பு, பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடிவிட்டார். என் கண் செருப்பைத் தேடியது. ஆனால் கடைசியில் தவில் தனியாக ஓடத் தொடங்கியபோது ஒரு நிமிடம் நின்றுதான் போனேன். போனில் குறித்தேன்: "விரிவது பிடிக்காது. ஓடுவது பரவாயில்லை." பதினான்கு அனுப்பியவன் எழுதிய முதல் உண்மை இதுதான்.

வெள்ளி காலை 5.15க்குத் தோணி. அறைக்காரர் ஏற்பாடு செய்து தந்தவர் யோகன், ஐம்பது வயதிருக்கும், வாவியில் இறால் பிடிப்பவர். ஒரு மணித்தியாலத்துக்கு 2,000. பூரணைக்குத்தான் நன்றாகக் கேட்கும், ஆனாலும் பார்ப்போம் என்று பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார்.

வைத்தேன். மரத்தின் ஈரம், என் இரத்தம் ஓடும் சத்தம், வேறொன்றுமில்லை.

"தம்பி, காலை ஆட்டாதீங்க. தோணி ஆடுது," என்றார் யோகன்.

நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் திரும்பவும் தொடங்கிவிட்டது. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து, "கேட்டதா?" என்றார்.

"ஓம், கேட்டது. நல்லா இருந்தது."

"கேக்கல்ல எண்டா கேக்கல்ல எண்டு சொல்லுங்க தம்பி. காசு குடுத்திட்டம் எண்டு எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுறாங்க. எனக்கே எல்லா நாளும் கேக்கிறல்ல."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. தங்கை சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுத் தோணியைத் திருப்பினார். கரைக்கு வந்ததும் தானே வாங்கித் தந்த தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க விடவில்லை.

அதற்குப் பிறகு அறைக்குப் போய் உட்கார முடியுமா? பாசிக்குடாவுக்கு ஓடினேன், வடக்கே 35 கிலோமீற்றர். வாழைச்சேனை வரை பஸ், அங்கிருந்து ஓட்டோ 500 ரூபாய். கடல் இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் போகிறது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடமில்லை. மதியம் ஒரு ஹோட்டலில் 3,800 ரூபாய்க்குச் சாப்பிட்டேன். கணவாய்க் கறி நன்றாக இருந்தது. பாதியில் கூரைக்குள்ளிருந்து ஒரு பியானோ வந்தது. எங்கேயோ கேட்ட இசை என்று யோசித்தேன். தர்ஷினிக்கு அனுப்பியதில் ஒன்பதாவது. மேசைகளைப் பார்த்தேன், ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கென்றே செய்த இசையை என் தங்கையின் கலியாணத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

திரும்பும் பஸ் 2.45க்கு. ஏறாவூர் தாண்டி, தன்னாமுனையில் ஆள் இறக்க நின்றது. அப்போதுதான் யன்னல் வழியாக வந்தது: வேகமான ஒரு வயலின், அதோடு யாரோ இரும்பைத் தட்டும் சத்தம். நாலைந்து விநாடிதான் இருக்கும், பஸ் கிளம்பிவிட்டது. நான் எழும்பி மணியை இழுத்தேன். நடத்துனர், "டவுன் எண்டுதானே ரிக்கட் எடுத்தீங்க?" என்றார். இஞ்ச இறங்கிறன் என்றேன். அடுத்த தரிப்பில் விட்டுவிட்டார், கிட்டத்தட்ட 600 மீற்றர் வெயிலில் திரும்பி நடந்தேன். இசையை விட்டு எழும்பிப் போய்த்தான் எனக்குப் பழக்கம். இசையை நோக்கி எழும்பியது அதுதான் முதல் தடவை.

அது ஒரு தச்சுப்பட்டறை. பாதி முடிந்த கதிரைகளுக்கு நடுவில் என் வயதுக்காரர் ஒருவர் வயலினோடு நின்றார், பெயர் றெஜி, பட்டறை அவருடையது. அவருடைய தங்கை மெர்லின் கயிற்றில் தொங்கிய இரும்பு முக்கோணத்தைக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தார். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம், போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். மறுநாள் டவுனில் ஒரு கலியாணம், அதற்கு வாசித்துப் பழகுகிறார்கள். அவர்களுடைய கலியாண வீடுகளில் சோடி சோடியாக நின்று ஆடுவதற்கு வாசிக்கும் இசை அது.

"கலியாண ஓடர் குடுக்க வந்தீங்களா?" என்றார் றெஜி.

இல்லை, பஸ்ஸிலிருந்து கேட்டு இறங்கி வந்தேன் என்றேன். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப இரிங்க," என்று மெர்லின் ஒரு கதிரையைக் காட்டினார். "மெதுவா. அது இன்னும் பொலிஷ் அடிக்கல்ல."

ஒரு பாட்டு முழுதாகப் பதியலாமா என்று கேட்டு, போனைப் பலகை மேல் வைத்தேன். தொடங்கினார்கள்.

சின்ன மெட்டு. ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும், நிற்காமல் மறுபடி போகும். ஒவ்வொரு சுற்றிலும் வில் கொஞ்சம் கூடக் கரகரக்கும், இரும்பு ஒரு இமைப்பொழுது பிந்தி விழும். எங்கேயும் போய்ச் சேர அதற்கு அவசரமில்லை, ஆனால் ஒரு இடத்தில் நிற்கவும் இல்லை. முடியும் முடியும் என்று நான் காத்திருந்தேன், முடியவில்லை. றெஜியின் கழுத்தில் வியர்வை ஓடியது. வில்லில் ஒரு மயிர் அறுந்து தொங்கியது. மெர்லின் கம்பியை இடது கைக்கு மாற்றினார், திரும்ப வலது கைக்கு. இருவரும் என்னையே பார்த்து வாசித்தார்கள். இவ்வளவு நீளமான பாட்டா, பாவம் இந்தப் பிள்ளைக்குக் கை வலிக்குமே என்று பதறி, போதும் என்று சொல்ல எழும்பினேன். கதிரை நிலத்தில் இழுபட்டது. அந்தச் சத்தத்தோடு இசையும் நின்றது, மெர்லின் எட்டிப் போனில் பதிவை நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றேன்.

"நீங்கதானே நிப்பாட்டினீங்க," என்றார் றெஜி, மூச்சு வாங்கிக்கொண்டு.

எனக்கு விளங்கவில்லை. அவர் வில்லால் என் வலது காலைக் காட்டினார். "இதுக்கு முடிவு எண்டு ஒண்ணு இல்ல. ஆடுறாக்கள்ற கால் நிண்டாத்தான் நாங்க நிப்பாட்டுவம். இஞ்ச ஆட ஆரு இரிக்கா? உங்கட கால் ஒண்ணுதான் ஆடிச்சு. அதப் பாத்துத்தான் வாசிச்சம்."

"இப்ப நிப்பாட்டுவார், இப்ப நிப்பாட்டுவார் எண்டு பாத்துப் பாத்து என்ட கை போயிட்டு," என்றார் மெர்லின்.

போனைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம் நாற்பது விநாடி. நான் அதை ஒரு தடவைகூடத் தொடவில்லை. நான் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். சிரிப்பு வந்து அடக்க முடியாமல், நான் காலாட்டினால் அம்மா என்ன சொல்வார் என்று சொன்னேன்.

"எங்கட வீட்ட காலாட்டாட்டித்தான் ஏசுவாங்க," என்றார் மெர்லின்.

கொழும்புக் கலியாணத்துக்கு வர முடியுமா என்று நாளைச் சொல்லிக் கேட்டேன். றெஜி முடியாது என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை, இரண்டு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. பதிந்ததைப் போடலாமா என்றேன். "போடுங்களன். ஆட ஆளிரிந்தாச் சரி."

டவுனுக்கு ஓட்டோவில் 900 ரூபாய். வழியெல்லாம் யோசித்தேன். நான் அனுப்பிய பதினான்கும் மனத்தை அமைதிப்படுத்துகிற இசை. பதற்றக்காரனுக்கு அமைதிதான் பிடிக்கும் என்று யார் எனக்குச் சொன்னது? என்னை அடக்க வருகிற இசை எதுவும் எனக்குப் பிடிக்காது. என்னோடு சேர்ந்து ஓடுகிற இசைதான் பிடிக்கும், கொஞ்சம் கரகரப்போடு, கொஞ்சம் பிந்தி விழுகிற இரும்போடு. இதைக் கண்டுபிடிக்க முப்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது. பரவாயில்லை.

அறைக்கு வந்து, "ஆடுறவையின்ர கால் நிண்டாத்தான் இதை நிப்பாட்டுவினமாம்" என்று ஒரு வரியும் சேர்த்து மாலை 6.05க்குத் தர்ஷினிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பத்து விநாடியில் திருப்பிவிடுவாளோ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். சும்மா இருக்க முடியாமல்தான் கீழே வருவதை எழுதினேன்.

பாடும் மீனுக்குப் போகிறவர்கள் பூரணையை ஒட்டிப் போங்கள், தோணிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஏறாவூர், காத்தான்குடிப் பக்கம் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை அதற்கு முன் பாருங்கள். பாசிக்குடாவுக்கு வாழைச்சேனை வரை பஸ்ஸும் அங்கிருந்து ஓட்டோவும் போதும், தனி வாகனம் பிடிக்கத் தேவையில்லை. கல்லடி அறைகளில் குளிக்கிற தண்ணீரைக் குடிக்காதீர்கள். பஸ்ஸில் யன்னல் இருக்கை எடுங்கள், பாதி வழி வரையாவது காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றுங்கள். வாசித்துப் பழகுகிறவர்களைக் கேட்கப் போனால், அவர்களுக்கு மறுநாள் வேலை இருக்கும், கால் மணித்தியாலத்தில் காலை நிறுத்துங்கள்.

6.28க்கு போன் அதிர்ந்தது.

"கடைசில கதிரை இழுபடுது. அது நீயா?"

"ஓம்."

"அதுவரைக்கும் இருந்து கேட்டனியா?"

"ஓம்."

பிறகு வந்தது: "இதுதான் அண்ணா. ஒண்டையும் வெட்டாதை. நீ முன் வரிசையில இருந்து காலை ஆட்டு. உன்ர கால் நிக்கேக்க சவுண்ட்காரர் நிப்பாட்டட்டும், அதுவரைக்கும் நான் நடப்பன். அம்மாட்ட நான் சொல்லுறன்."