ஆடி வீதியின் வெயில்

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் நேற்று போனில் கேட்டாள். கூட வேலை செய்கிற பிள்ளைகள் நாலு பேர் மதுரைக்குப் போகிறார்களாம். "அங்க என்னென்ன பாக்கணும்னு ஒரு லிஸ்டு போட்டுத் தாம்மா. ஒனக்குத்தான் பக்கமாச்சே."

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் மீனாட்சி அம்மன் கோயில் என்று எழுதினேன். உள்ளங்கால் சுட்டது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே சுட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எண்பதுகளில் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டு ஓரத்தில் எங்களுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதில்தான் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. எழுந்து நடந்தால்தான் தெரியும். ஏழு வயதில் கிணற்றுப் படியில் விழுந்து முறிந்த இடது கால், ஒட்டும்போது கொஞ்சம் குட்டையாக ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்களும் நான் காப்பியோடு நாலு எட்டு வைத்ததைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்கள். மூன்றாவதாக மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு இடம் வந்தது. எனக்குப் பின்னால் தங்கச்சி வேறு நின்றாள். இதுவும் தட்டிப்போனால் வெளியில் தலைகாட்ட முடியாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மதுரைக்கு ஊர் பார்க்கப் போவதில் பாதி, பெண் பார்க்கப் போவதுதான். அமையாவிட்டாலும் ஊருக்குத் தெரியாது. பெரும்பாலும் பொற்றாமரைக் குளத்துப் படியில், தற்செயலாகச் சந்தித்ததுபோல் சந்திப்பார்கள். அம்மா மட்டும் தரகரிடம் ஆடி வீதி என்று சொல்லி அனுப்பினாள். கோபுரத்தைத் தாண்டினால் கோயிலைச் சுற்றிப் போகிற, கல் பாவிய வெட்டவெளி அது. அதுவும் சித்திரை வெயிலில், பதினொன்றரை மணிக்கு.

"ஏன் அங்க?" என்றார் அப்பா.

"வெறுங்காலோட அந்தக் கல்லுல எவ நேரா நடப்பா? எல்லாரும் நொண்டிக்கிட்டுத்தான் ஓடுவாக. நம்ம புள்ளையும் சேந்து ஓடட்டும்."

"கல்யாணத்துக்குப் பெறகு தெரியாதா?"

"அப்பப் பாத்துக்கிடலாம்."

அந்த 'அப்ப' பஸ்ஸில் மதுரை வரைக்கும் என் காதிலேயே நின்றது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். கோபுரம் வந்ததும் அண்ணாந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "தலையக் குனி. வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தா அடக்கமில்லாத புள்ளம்பாக." அதனால் நான் பார்த்த மதுரை முழுக்கத் தரைதான். சிந்திய எண்ணெய், நசுங்கிய கதம்பப் பூ, சுடுகிற கருங்கல்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகம் கருத்திருந்தது. அம்மா சொன்னபடியே நடந்தது. கல் சுட்டதில் எல்லோரும் தாவினார்கள். நானும் தாவினேன். என்னை யாரும் வித்தியாசமாகப் பார்க்காத முதல் நடை அது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "என்ன மதினி, புள்ளையப் போட்டு வெயில்ல வாட்டுறீக. வாங்க, உள்ள குளத்தங்கரையில நெழலா இருக்கு" என்றாள்.

அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. குளத்தைச் சுற்றி மண்டபத்துத் தரை குளுகுளுவென்று இருந்தது. எல்லோருடைய கால்களும் நேராகிவிட்டன. எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா நின்றுவிட்டாள்.

"ஏன் மதினி, புள்ள நடை ஒரு மாதிரி இருக்கே?"

"கல்லு சுட்டது இன்னும் காந்துது போல" என்றாள் அம்மா.

"எங்களுக்கும்தான் சுட்டுச்சு."

அம்மா இன்னொரு பொய்யைத் தேடுவது எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. கடையில் உப்பு கேட்டு வருகிறவர்களிடம்கூட முகம் பார்த்துப் பேசாத நான் சொன்னேன்: "சுட்டதுனால இல்ல அத்தை. சின்ன வயசுல விழுந்து கால் ஒடைஞ்சது. வேலையெல்லாம் செய்வேன். நடைதான் இப்படி."

கருத்த நகமுள்ள கால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு திரும்பியது. "சொல்லி அனுப்புறோம்" என்ற குரல் தூரத்தில் கேட்டது. அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒரு நாழி வாய மூடிக்கிட்டு இருந்தா என்னடி?" அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "வந்தது வந்துட்டோம். மகாலப் பாத்துட்டுப் போவம்."

"அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் அம்மா. ஆனாலும் வந்தாள்.

திருமலை நாயக்கர் மகால் வரைக்கும் நடந்தே போனோம். என் நடைக்குத் தகுந்தபடி அப்பா மெதுவாக நடந்தார். வழியெல்லாம் நான் தலையைக் குனியவில்லை. மகாலில் அந்த வெள்ளைத் தூண்களைக் கண்டதும், எல்லோரும் செய்வதுபோல அப்பா ஒன்றைக் கட்டிப் பிடித்தார். "ஏலா, அந்தப் பக்கம் பிடி." பிடித்தேன். எங்கள் கைகள் எட்டவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வந்து, இடைவெளியில் தன் கைகளைக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் கடைக்கே வந்து, நான் எண்ணெய் டின்னைத் தூக்கி நடப்பதைப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொண்டார். அது வேறு கதை.

மகளுக்கு லிஸ்டில் மகாலையும் எழுதினேன். "தூணையெல்லாம் இப்பத் தொட விடமாட்டாங்களாம்மா, கம்பி போட்டிருக்காம்" என்றாள். என்னோடு அந்தத் தூணைப் பிடித்த இரண்டு பேரும் இப்போது இல்லை. ஆடி வீதியிலும் கால் சுடாமலிருக்க விரிப்புப் போட்டுவிட்டார்களாம். நல்லதுதான். எத்தனை வெயில் அடித்தாலும் இனி அங்கே யாரும் நொண்ட வேண்டியதில்லை. போனால், நான் ஒருத்திதான்.